தன்னம்பிக்கை வந்த பிறகு படிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள்

கேள்வி இது: "அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். பிளஸ் டூ கணக்கில் 91. எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். இன்ஜினியரிங் முதல் செமஸ்டரில் எம் 1 (முதல் செமஸ்டர் கணக்குத் தாள்) உட்பட மூன்று அரியர். இங்கே எல்லோரும் என்னைவிடப் புத்திசாலியாகத் தெரிகிறார்கள். நான் ஏதோ தப்பி உள்ளே வந்துவிட்ட மாதிரி இருக்கிறது. தன்னம்பிக்கையையும் மன உறுதியையும் எப்படி வளர்த்துக்கொள்வது? சிலருக்கு அது பிறவியிலேயே வந்துவிடுகிறதா?"

தம்பி, மூன்று அரியரை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த 91.

பிளஸ் டூ கணக்கில் அதிர்ஷ்டத்தில் யாரும் 91 வாங்குவதில்லை. அணிகள், கலப்பெண்கள், வகையிடல், தொகையிடல் என்று ஒரு வருஷம் முழுக்க ரஃப் நோட்டை நிரப்பித் தள்ளியிருப்பீர்கள். அந்தக் கணக்கெல்லாம் ஆறு மாதத்தில் எங்கே போயிருக்கும்? நான் பல வருஷமாக முதல் வருஷப் பிள்ளைகளுக்கு எம் 1 எடுக்கிறவன். ரிசல்ட் வந்த மறுநாள் ஸ்டாஃப் ரூம் வாசலில், உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்கிற முகங்கள் எனக்கு நன்றாகப் பழக்கம். ஒரு வருஷம் அப்படி நின்ற ஒரு பையன் விடைத்தாள் போட்டோகாப்பி வாங்கிக் கொண்டுவந்தான். ரீவேல்யூவேஷன் போடலாமா என்று கேட்கத்தான் வந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினோம். அவன் நன்றாகப் போட்டிருக்க வேண்டிய முதல் யூனிட் மேட்ரிக்ஸ் பதினாறு மார்க், கேள்வி எண் மட்டும் எழுதி மீதி வெள்ளைத்தாள்.

"அணிக்கோவை தெரியாதாடா உனக்கு?"

"தெரியும் சார்."

ஒரு காகிதத்தில் மூன்றுக்கு மூன்று அணி ஒன்றை எழுதிக் கொடுத்தேன். பேச்சு முடிவதற்குள் மதிப்பைக் கண்டுபிடித்துவிட்டான். சரி, இப்போது மூலைவிட்டத்தில் இருக்கிற எண் ஒவ்வொன்றிலும் ஒரு லாம்டாவைக் கழித்துவிட்டு அதே அணிக்கோவையை எடு, பூச்சியத்துக்குச் சமன் செய் என்றேன். செய்தான். முப்படிச் சமன்பாடு வந்தது, அதையும் தீர்த்தான், மூன்று மதிப்பும் சரி. "இதுதான்டா ஐகன் வேல்யூ, இதைத்தான் கேட்டிருக்கான்" என்றதும் அவன் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன், அழ ஆரம்பித்துவிட்டான். செமஸ்டர் முழுக்க அவன் பயந்துகொண்டிருந்த அரக்கன், ஏற்கெனவே பிளஸ் டூவில் பழகிய ஆள்தான், இங்கிலீஷில் வேஷம் கட்டி வந்திருக்கிறான்.

அந்தப் பையனுக்குக் கணக்கு வரும். ஆனால் "எனக்குக் கணக்கு வராது" என்ற முடிவுக்கு அவன் முதல் மாதத்திலேயே வந்துவிட்டான், அதற்கு அப்புறம் அந்த முடிவுக்குத் தகுந்த மாதிரி நடந்துகொண்டான். வகுப்பில் கடைசி பெஞ்ச், சந்தேகம் கேட்பதில்லை, அசைன்மென்ட் காப்பி, இன்டர்னலில் பாதித் தாளோடு எழுந்து போவது. ஒவ்வொன்றும் மார்க்கைக் குறைக்கும், குறைந்த மார்க் "பார்த்தாயா, வராதுதான்" என்று திரும்ப வந்து நிற்கும். நீங்கள் கேட்கிற தன்னம்பிக்கைப் பிரச்சினை பெரும்பாலும் இந்தச் சுற்றுதான்.

இதைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர் ஆல்பர்ட் பண்டூரா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2021-ல் 95 வயதில் காலமானார். கனடாவில் ஒரு குக்கிராமம் மாதிரியான ஊரில், மேல்நிலைப் பள்ளிக்கே இரண்டு ஆசிரியர்தான் என்ற நிலையில் படித்து வந்த ஆள். (அவர் உளவியலுக்கு வந்ததே தற்செயல். காரில் கூட வந்த இன்ஜினியரிங், மருத்துவ மாணவர்களுக்கு அதிகாலையிலேயே வகுப்பு இருந்ததால், சும்மா இருக்கிற நேரத்தை நிரப்ப எடுத்த பாடம் அது.) அவர் தன் எழுத்துகளில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்தார். "நான் நல்லவன், மதிப்புள்ளவன்" என்கிற பொதுவான சுயமதிப்பு வேறு, "இந்தக் குறிப்பிட்ட வேலையை என்னால் செய்து முடிக்க முடியும்" என்கிற நம்பிக்கை வேறு. இரண்டாவதுதான் ஒரு ஆள் வேலையைத் தொடுவானா, தொட்டால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பான் என்பதைத் தீர்மானிக்கிறது. அது ஆளுக்கு ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளுக்குள்ளேயே வேலைக்கு வேலை மாறும். உங்கள் வகுப்பில் மேடையேறிப் பாட்டுப் பாடுகிறவன் லேபில் மல்டிமீட்டரைத் தொட பயப்படுவான். ஆகவே "தன்னம்பிக்கையை எப்படி வளர்ப்பது" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. எதில் என்று கேட்க வேண்டும்.

அவர் அதைச் சோதித்துப் பார்த்தது பாம்பை வைத்து. பாம்பென்றால் நடுநடுங்குகிற ஆட்களைக் கூப்பிட்டார். சிலருக்கு, வேறொருவர் பெரிய போவா பாம்பைக் கையாள்வதைப் பார்க்க மட்டும் வாய்ப்பு. சிலருக்கு, பக்கத்தில் ஆள் துணை நிற்க, படிப்படியாகத் தாங்களே தொட்டு, பிடித்து, தூக்கிப் பார்க்கிற வாய்ப்பு. பார்த்தவர்களுக்கும் பயம் குறைந்தது, ஆனால் கையால் தொட்டவர்களுக்குத்தான் நம்பிக்கை அதிகமாக ஏறியது. இங்கே வரிசையைக் கவனியுங்கள். தைரியம் வரட்டும் என்று காத்திருந்து யாரும் பாம்பைத் தொடவில்லை. துணையோடு தொட்டார்கள், தைரியம் பின்னால் வந்தது.

நம்பிக்கை நான்கு வழியில் உள்ளே வருகிறது என்பது அவர் கணக்கு: நாமே செய்து முடித்தது, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கம், நம் உடம்பு தருகிற சமிக்ஞை. முதலாவதுதான் எல்லாவற்றிலும் பலமானது. நம் ஊரில் தன்னம்பிக்கை என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் மூன்றாவது. ஆடிட்டோரியத்தில் மைக் பிடித்து "உன்னால் முடியும்" என்று இரண்டு மணி நேரம் கத்திவிட்டுப் போகிற பேச்சாளர், காலை ஐந்து மணி வாட்ஸ்அப் வாசகம் எல்லாம் அந்த வகை. கெடுதல் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2007-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைப் படித்த பிறகு அப்படி நினைப்பதில்லை. பரீட்சையில் மோசமாகச் செய்துகொண்டிருந்த கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு வாராவாரம் மின்னஞ்சலில் சுயமதிப்பை ஏற்றிவிடுகிற செய்திகளை அனுப்பினார்கள். இறுதித் தேர்வில் அவர்கள் மதிப்பெண் ஏறவில்லை, இறங்கியது. படிக்காமலே நிம்மதி கிடைத்தால் யார்தான் படிப்பார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதேபோல் இன்னொரு பொய்யான நம்பிக்கையும் உண்டு, ஹாஸ்டலில் தினமும் பார்க்கிறேன். நோட்ஸை நாலு தடவை வாசித்து, பச்சை மஞ்சள் ஹைலைட்டர் போட்டு, எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது சார் என்பார்கள். 2006-ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கை அதிகம். புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கை குறைவு. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஆக, படிக்கும்போது தடுமாறுகிற உணர்வு வந்தால் அதை மக்குத்தனத்துக்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாடம் உள்ளே இறங்கும்போது அப்படித்தான் இருக்கும்.

அப்புறம் "எல்லோரும் என்னைவிடப் புத்திசாலி" விஷயம். இதற்கு நான் எப்போதும் சொல்கிற கதை அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது. 1970-களில் யூரி ட்ரெய்ஸ்மன் என்ற கணிதக்காரர் அங்கே கால்குலஸ் வகுப்பில் ஒன்றைக் கவனித்தார். கறுப்பின மாணவர்கள் பலர் தோற்கிறார்கள், சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்கிறார்கள். ஏன் என்று பேராசிரியர்களைக் கேட்டால் ஊக்கம் இல்லை, பள்ளி அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை என்று வரிசையாகச் சொன்னார்கள். (நம் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தால் இதே நான்கையும் தமிழில் கேட்கலாம்.) அவர் இரண்டு தரப்பிலும் 20 பேரை எடுத்துக்கொண்டு, அவர்கள் எங்கே எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே போய்ப் பார்த்தார். சொல்லப்பட்ட காரணம் ஒன்றுமே நிற்கவில்லை. தோற்றவர்கள் ஊரிலேயே நன்றாகப் படித்தவர்கள், பெற்றோர் பிள்ளை படிக்க வேண்டும் என்று உயிரைக் கொடுத்தவர்கள், சொன்ன நேரம் அத்தனையும் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஆனால் தனியாக. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. சீன வம்சாவளி மாணவர்களும் தனியாகத்தான் ஆரம்பித்தார்கள், ஆனால் முடித்ததும் கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு கணக்கு நாலு பேருக்கும் வரவில்லை என்றால் கணக்குக் கஷ்டம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தனியாக இருப்பவனுக்கு அது தெரிய வழியே இல்லை, அவனுக்கு வரவில்லை என்றால் கோளாறு தன்னிடம்தான் என்று எடுத்துக்கொள்வான்.

இதற்கு ட்ரெய்ஸ்மன் செய்த வைத்தியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு வகுப்பு என்று பலகை மாட்டவில்லை. கஷ்டமான கணக்குகளாகப் பொறுக்கி, சேர்ந்து உட்கார்ந்து மல்லுக்கட்டுகிற பட்டறை ஒன்றை நடத்தினார். அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்கள் நன்றாகத் தேறி வந்தார்கள். நம்மூர்க் கல்லூரிகளில் இதற்கு நேர் எதிராகத்தான் செய்கிறோம். அரியர் வைத்தவர்களைத் தனியாகப் பிரித்து, நாலு மணிக்கு மேல் உட்கார வைத்து, முக்கியமான இரண்டு மார்க் கேள்விகளைப் பத்துத் தடவை எழுதச் சொல்கிறோம். நானும் எழுதச் சொல்லியிருக்கிறேன், இப்போது வெட்கமாக இருக்கிறது.

தப்பி உள்ளே வந்துவிட்டேன் என்ற எண்ணத்துக்கு 1978-லேயே பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள், அதுவும் நன்றாகச் சாதித்த பெண்களைப் பார்த்து. ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை. ஆனால் இதை வெறும் மனப்பிரமை என்று தள்ளுவதும் சரியில்லை. 2021 முதல் தொழிற்கல்வியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு இடம் இருக்கிறது. அதில் வந்தவர்களைப் பார்த்து "ஈஸியா சீட் வாங்கிட்டான்" என்று வகுப்பிலேயே பேசுகிறவர்கள் உண்டு. இதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பவனுக்கு ஒவ்வொரு சின்னச் சறுக்கலும் அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகத்தான் தெரியும்.

கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் என்ற இருவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. முதலாண்டு மாணவர்களுக்குச் சீனியர்கள் சொன்னதைப் படிக்கக் கொடுத்தார்கள்: முதல் வருஷம் நமக்கு இங்கே இடமில்லை என்று எல்லோருக்கும்தான் தோன்றும், போகப் போகச் சரியாகிவிடும் என்பது சாரம். படித்ததை வைத்துத் தங்கள் அனுபவத்தை எழுதி, அதையே வீடியோவுக்கு முன் பேசினார்கள், மொத்தம் ஒரு மணி நேரம். அதில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் அடுத்த மூன்று வருஷமும் மேலேறிக்கொண்டே போனது. இதை மந்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இப்படிப்பட்ட சின்னத் தலையீடுகள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பலிப்பதில்லை. ஆனால் இலவசமாகக் கிடைக்கிற மருந்து. உங்கள் டிபார்ட்மென்ட்டில் மூன்றாம் வருஷத்தில், தமிழ் மீடியத்தில் வந்து, முதல் செமஸ்டரில் அரியர் வைத்து, இப்போது கிளியர் செய்திருக்கிற ஒரு அண்ணனோ அக்காவோ கட்டாயம் இருப்பார்கள். டாப்பர் வேண்டாம், டாப்பரைப் பார்த்தால் உங்களுக்கு மேலும் சோர்வுதான் வரும். அரியர் வைத்து எழுந்தவர் வேண்டும். மெஸ்ஸில் டீ வாங்கிக் கொடுத்து, எப்படிண்ணா எழுதினீங்க என்று கேளுங்கள். கேட்காமலே அரை மணி நேரம் பேசுவார்.

பிறவியிலேயே வருவதா என்று கேட்டிருந்தீர்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் என்பவரும் கூட்டாளிகளும் நாற்பது வயது வரைக்கும் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், நோயாளித் தாய் என்று எல்லாம் சேர்ந்து அமுக்கிய குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்லபடியாக வளர்ந்து நின்றார்கள். குணம் கொஞ்சம் கை கொடுத்தது உண்மை, சின்ன வயதிலேயே கலகலப்பாகப் பழகிய பிள்ளைகள் அதிகம். ஆனால் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, பெற்றோர் இல்லாவிட்டாலும் ஒரு பாட்டி, ஒரு அத்தை, ஒரு டீச்சர் என்று அக்கறையோடு பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது அவர்களுக்கு இருந்தார். மன உறுதி என்றதும் நமக்குப் பாறை மாதிரி ஒரு தனி மனுஷன் நினைவுக்கு வருகிறான். ஆய்வில் தெரிகிறவன் அப்படி இல்லை, கேட்க ஆள் வைத்திருக்கிறான், கேட்கவும் கேட்கிறான். முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர் சறுக்குகிற இடம் இதுதான். அப்பா அம்மாவிடம் அரியர் என்று சொன்னால் உடைந்துபோவார்கள் என்று மறைத்து, எல்லாம் நல்லா போகுதும்மா என்று வாராவாரம் போனில் சொல்லிச் சொல்லி, அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமப்பார்கள். சொல்லிவிடுங்கள். அரியர் என்றால் மறுபடி எழுதலாம் என்பதே பல வீடுகளில் தெரியாது, அதை விளக்கினாலே பாதி பயம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. மன உறுதி வேண்டும் என்ற பேச்சைச் சில கல்லூரிகள் தங்களுக்கு வசதியாக வைத்துக்கொள்ளும். சாப்பிட முடியாத சாப்பாடு, எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிற வாத்தியார், ஃபீஸ் பாக்கிக்கு ஹால் டிக்கெட்டை நிறுத்துவது, சீனியர் தொல்லை, இதையெல்லாம் பொறுத்துப்போவதற்கு மன உறுதி என்று பெயர் கிடையாது. ராகிங்குக்குத் தமிழ்நாட்டில் 1997 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. புகார் செய்யவும் உறுதி வேண்டும்தானே.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது, தப்பாக நினைக்காதீர்கள். தூக்கம், சாப்பாடு, எதிலும் பிடிப்பு என்று எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்து கிடக்கிறதா? இருந்தே என்ன பயன் என்ற எண்ணம் வருகிறதா? அப்படியென்றால் இது படிப்பு முறை பற்றிய விஷயம் இல்லை, இந்தப் பதிலையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, இன்றைக்கே ஒரு ஆளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் அரசு நடத்துவது, இலவசம், எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போகிற மாதிரி போய்வர வேண்டிய இடம்தான்.

அந்த அளவுக்கு இல்லை, வெறும் பயமும் சோர்வும்தான் என்றால், வேலைக்கு வருவோம். ஒரு நோட்டில் நடுவில் கோடு போடுங்கள். இடது பக்கம் பிளஸ் டூவில் படித்த பெயர், வலது பக்கம் இங்கே சொல்கிற பெயர். அணியின் தரம், ரேங்க். நேர்மாறு அணி, இன்வர்ஸ். வகைக்கெழு, டெரிவேட்டிவ். பகுதி வகைக்கெழு, பார்ஷியல் டெரிவேட்டிவ். பெருமம் சிறுமம், மேக்ஸிமா மினிமா. வரையறுத்த தொகை, டெஃபனிட் இன்டக்ரல். ஐந்து யூனிட்டையும் இப்படி எழுதி முடிக்கும்போது, நிஜமாகவே புதிதாகக் கற்க வேண்டியது எவ்வளவு கொஞ்சம் என்று தெரிந்துவிடும், அதில் ஐகன் வெக்டரும் மல்டிபிள் இன்டக்ரலும்தான் மெனக்கெட வைக்கும்.

பிறகு மேட்ரிக்ஸ் யூனிட்டில் மட்டும் கை வையுங்கள், மூன்று பாடத்தையும் ஒரே சமயத்தில் தூக்காதீர்கள், அது குருவி தலையில் பனங்காய். பழைய கேள்வித்தாளில் இருந்து மூன்று கணக்கு. அரியர் வைத்த இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு ஆள் தனியாக அரை மணி நேரம் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள், விடை வேறாக வந்த இடத்தில் சண்டை போடுங்கள். போட்டு முடித்த கணக்குத் தாளைக் கிழித்துப் போடாமல் தேதி எழுதி ஒரு ஃபைலில் வையுங்கள். அடுத்த தடவை எனக்கு வராது என்று தோன்றும்போது அந்த ஃபைலைத் திறந்து பாருங்கள், பதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

பரீட்சை ஹாலில் கை வியர்த்து நெஞ்சு அடித்தால் பதற வேண்டாம். அந்தப் படபடப்பு தேர்வில் உதவக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கப்பட்ட மாணவர்கள் கணக்குப் பகுதியில் இன்னும் நன்றாகச் செய்ததை 2010-ல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. கபடிக் களத்தில் கோட்டைத் தாண்டும்போதும் இப்படித்தான் அடிக்கும்.

2020 ஆகஸ்டில் அரியருக்குப் பணம் கட்டியவர்கள் எல்லோரும் பாஸ் என்று அரசு அறிவித்தபோது பையன்கள் முதல்வருக்குப் போஸ்டர் அடித்து ஒட்டினார்கள், அப்புறம் விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போனது. அந்த மாதிரி இன்னொன்று வரும் என்று காத்திருக்காமல் ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி என்ன என்று நாளைக்கே ஆபீஸில் கேட்டு வந்துவிடுங்கள். ஐகன் வெக்டர் கண்டுபிடிக்கும்போது இரண்டு மதிப்பு ஒன்றாக வந்தால் எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள், நீங்களும் மாட்டினால் போட்ட வரைக்கும் அப்படியே படம் எடுத்து இந்தப் பதிலுக்குக் கீழே பதிவிடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.